கார் இல்லாமல், துணை இல்லாமல், இங்கிலாந்தின் கிராமப்புறத்தை ஒரே நாளில் பார்த்துவர முடியுமா?

கேள்வி கேட்டவர், ஜூலையில் இலண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருவதாகவும், மகளுக்கு விடுமுறை கிடைக்காது, தமக்குக் கார் ஓட்டத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறார். முன்பு பதில் எழுதிய இருவர், கார் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே முடியாது, அதிலும் வயதான பெண் தனியாகப் போவது சரியல்ல என்று முடித்துவிட்டார்கள். ஐம்பத்தாறு வயதில், கார் ஓட்டத் தெரியாமல், தனியாகப் போய்வந்தவள் என்பதால் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் இலண்டன் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறி, தெற்கே சசெக்ஸ் பகுதியிலுள்ள லூயிஸில் மாறி, பெர்விக் என்ற சிறு நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்துக்குப் பேருந்தில் போவதாகத்தான் திட்டம். நிறுத்தத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணையை நம்பி ஐம்பது நிமிடம் நின்ற பின்புதான், ஞாயிற்றுக்கிழமைச் சேவையை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், பழைய தாளை அகற்றவில்லை என்று அவ்வழியே வந்த ஒருவர் சொன்னார். எனக்கு நேரம்தான் வீணாயிற்று; ஆனால் அந்த ஊர்களிலேயே வாழும், கார் ஓட்ட முடியாத முதியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படி வெளியே போவார்கள் என்பதை அந்தப் பேருந்தை நிறுத்தியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். இதை எண்ணும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நடப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றானபோது, வீதியோரக் கம்பம் ஒன்றில் மஞ்சள் அம்புக்குறியைக் கண்டேன். அதன் அருகே வேலியைக் கடக்க இரண்டு மரப்படிகள் வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவு வேலியில் இருந்த கடப்பு நினைவுக்கு வந்தது. ஆனால் அப்பால் இருந்ததோ இடுப்பளவு உயர்ந்த கோதுமை வயல். அடுத்தவருடைய பயிருக்குள் கால் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவள் ஆகையால் படியின் மேல் ஏறியும் இறங்க மனமின்றி நின்றேன். நாயுடன் வந்த முதியவர் ஒருவர், "தயங்காமல் போங்கள், அது உங்கள் பாதைதான்" என்றார். உற்றுப் பார்த்தபோது, கதிர்களுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் மண் தெரிந்தது.

அவர் சொன்னது வெறும் உபசாரப் பேச்சு அல்ல என்பதைப் பின்னர் படித்து அறிந்துகொண்டேன். பொது நடைபாதை தனியார் நிலத்தின் ஊடாகச் சென்றாலும், அதில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதை உழுது விதைத்தாலும், வயலின் குறுக்கே குறைந்தது ஒரு மீற்றர் அகலத்துக்கு அந்த நிலத்தைப் பயிரிடுபவர் மீண்டும் திறந்துவிட வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பிரித்தானிய அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவுத்திட்ட வரைபடத்தில் இந்தப் பாதைகள் பச்சை நிறக் கோடுகளாக இருக்கும். தனியாகச் செல்பவருக்கு அந்த வரைபடமே துணை. கைப்பேசியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நான் நடந்த குக்மியர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சில இடங்களில் எனக்குத் தொடர்பே கிடைக்கவில்லை.

ஏறக்குறைய 4 கிலோமீற்றர் நடந்து ஆல்ஃப்ரிஸ்டனை அடைந்தேன். தேவாலயத்தின் முன்னுள்ள புல்வெளியில் அமர்ந்து, கொண்டுபோன பாணையும் சம்பலையும் சாப்பிட்டேன். பக்கத்திலேயே கூரை வேய்ந்த பழைய குருமனை, அதாவது பாதிரியார் இல்லம், இருக்கிறது. பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு முதன்முதலாக வாங்கிய கட்டடம் அதுதான். 1896இல் 10 பவுணுக்கு வாங்கியிருக்கிறார்கள். சுண்ணக்கல்லைப் பொடித்து, இடித்து இறுக்கி, புளித்த பாலால் மெழுகிய அதன் தரையைப் பார்த்தபோது, அம்மம்மா வீட்டில் சாணம் மெழுகிய திண்ணையின் குளிர்ச்சி என் உள்ளங்காலில் ஏறியது போலிருந்தது. அந்த இடத்தைவிட்டு நகர எனக்கு வெகு நேரமாயிற்று; கூட யாராவது வந்திருந்தால் அவ்வளவு நேரம் நின்றிருக்க முடியாது.

அங்கிருந்து குக்மியர் ஆற்றங்கரை வழியே எக்சீட் பாலம் வரை சமதரைதான். வழியில் ஓரிடத்தில் கன்றுகளுடன் பசுக்கள் நின்றதால், கரையை விட்டு விலகி, வேலியோரமாகச் சுற்றிப் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எக்சீட்டுக்கு அப்பால் ஆறு பாம்புபோல் வளைந்து கடலில் சேரும் இடத்துக்குப் போனால், செவன் சிஸ்டர்ஸ் என்னும் வெண்சுண்ணப் பாறைச் சுவர்கள் அலையலையாக நிற்பதைக் காணலாம். மேலே ஏறுவதானால் விளிம்பை நெருங்காதீர்கள். அந்தச் சுண்ணப்பாறை அறிவிப்பில்லாமல் இடிந்து விழும்.

தனியாக எங்கும் போகலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வடக்கே உயர்ந்த மலைகளில் தனியே ஏறுவது வேறு விஷயம். அதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் இல்லை. நான் சொல்வது, ஊருக்கு ஊர் அருகிலிருக்கும், இடையிடையே மனிதர்கள் எதிர்ப்படும் இந்த ஒரு பள்ளத்தாக்கைப் பற்றித்தான். வெயிலுக்கு அஞ்சி முழங்கால் தெரியும் உடை உடுத்த வேண்டாம். பாதையோரத்து நெட்டில் செடி காஞ்சொறி போலவே சுணைக்கும்.

திரும்புவதற்கு எக்சீட்டில் 12ஆம் எண் பேருந்து ஏறினால் ஈஸ்ட்போர்ன் ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். ஜூலைத் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரப்படத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிட்டு, குருமனை திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். கோதுமையைக் கதிரோடு பார்க்க விரும்பினால், ஜூலை நடுப்பகுதிக்குள் போய்விடுங்கள். அதன் பிறகு எந்த நாளிலும் அறுவடை தொடங்கிவிடலாம்.