அழற்சி மரபணுப் பரிசோதனை எனக்குத் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 38. என் தந்தைக்கு 47 வயதிலேயே மாரடைப்பு வந்தது. எனக்குக் கொலஸ்ட்ரால் சரியான அளவில் இருந்தும், அழற்சியைக் காட்டும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. அளவு லிட்டருக்கு 4.2 மில்லிகிராம் என வந்துள்ளது. இது பரம்பரையாக வந்ததா என்று அறிய, மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். செய்துகொள்ளலாமா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: அந்த ரத்தம் எடுப்பதற்கு முந்தைய வாரங்களில் உங்களுக்குச் சளி, காய்ச்சல் ஏதும் இருந்ததா? பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறதா? 4.2 என்ற அளவுக்கு இவையே போதுமான காரணங்கள்.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். அது 3-க்கு மேல் இருப்பவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவது உண்மைதான். ஆனால் தண்டோரா போடுபவர் செய்தியைச் சொல்கிறாரே தவிர, அதை உண்டாக்குவதில்லை. பிறவியிலேயே சி.ஆர்.பி.-யைச் சற்று மிகுதியாகச் சுரக்கச் செய்யும் மரபணு வேறுபாடு உடையவர்களை ஆராய்ந்தபோது, அதனால் மட்டும் அவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை.

செய்தியை உண்டாக்குவது அதற்கு மேல்நிலையில் இருக்கும், அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதமான இன்டர்லூக்கின்-6. கெட்ட கொழுப்பு தமனியின் உட்சுவருக்குள் புகுந்ததும், அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் அங்கேயே வீங்கித் தங்கிவிட, அவற்றைச் சுற்றி எழும் அழற்சி, கொழுப்புப் படிவின் மேல்மூடியை மெலியச் செய்கிறது. மூடி கிழிந்தால் அவ்விடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. செல்லின் மேற்பரப்பில் இன்டர்லூக்கின்-6 வந்து பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பியில், மரபணு வேறுபாட்டால் 358-ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக அலனின் என்னும் வேறோர் அமினோ அமிலம் அமைந்தவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய ஏற்பி செல்லின் மேற்பரப்பிலிருந்து எளிதில் கழன்றுவிடுவதால், ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 கூடியிருந்தும் செல்லுக்குள் செல்லும் சமிக்ஞை குறைகிறது. இந்த விந்தையை 2012-இல் லான்செட் இதழில் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின: அந்த வேறுபாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வரலாம்) இதயத் தமனி நோய் ஏறக்குறைய 3 முதல் 5 சதவீதம் குறைந்திருந்தது.

மருந்து ஆராய்ச்சிக்கு இது பெரிய வழிகாட்டி. 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், மாரடைப்பு கண்டவர்களுக்கு அழற்சியை மட்டும் தணிக்கும் கானகினுமாப் ஊசியின் 150 மில்லிகிராம் அளவு, கொலஸ்ட்ராலைக் குறைக்காமலேயே அடுத்த பாதிப்புகளை 15 சதவீதம் குறைத்தது; உயிர்குடிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடியது அதன் மறுபக்கம்.

ஆனால் தனி மனிதராகிய உங்களுக்கு 3, 5 சதவீதம் என்பது சொற்பம். முடிவு எப்படி வந்தாலும் மருத்துவர் உங்களுக்குச் சொல்லப்போவது மாறாது என்பதால், அந்தப் பரிசோதனை இப்போது வேண்டியதில்லை என்பதே என் கருத்து. உடல்நலம் சரியாக உள்ள நாளில், இரண்டு வாரம் கழித்து சி.ஆர்.பி.-யை மறுபடியும் பாருங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். ஈறுகளைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். தந்தையின் வயதைக் கருதி, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகளான லிப்போபுரோட்டீன்-ஏ அளவை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் பரம்பரையால் அமைவது. வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் தனியாகத் தெரியாது.