புல்தரையில் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடைக்காளான் சாப்பிடக்கூடியதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியைப் பார்த்தால் ஏற்கெனவே பறித்து வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தயவுசெய்து அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

நான் பற்றவைத்தேன். மழை விட்ட மறுநாள், புல்லில் வட்டம் போட்டது போல ஏழெட்டு முளைத்திருந்தன. வெள்ளைக் குடை, நடுவில் பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம், குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக வெள்ளைச் செவுள்கள். சாப்பிடக்கூடிய பாராசோல் என்ற குடைக்காளானைப் பற்றி நான் படித்திருந்ததெல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. பாராசோலின் தண்டில் பாம்புத்தோல் மாதிரி வரிகள் இருக்கும். இது வழவழவென்று இருந்தது. ‘இளசுதானே’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கைபேசிச் செயலியும் ஆமாம் போட்டது.

முறை தெரியாமல் செய்தேன் என்று நினைக்காதீர்கள். ஸ்போர், அதாவது விதை மாதிரியான காளான் தூள், எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்க்க, ஒரு காளானின் தண்டை வெட்டிவிட்டு, குடையை வெள்ளைத்தாள் மேல் கவிழ்த்தும் வைத்தேன். விடியும்வரை பொறுக்கத்தான் முடியவில்லை. நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, பேதி.

மருத்துவமனையில் குடலே வெளியே வந்துவிடும் போலக் கிடந்தவனிடம், ரத்தம் எடுக்க வந்தவர் “வெறும் வயிறுதானே?” என்று கேட்டார். அதைக்கூட மன்னிக்கலாம். சேர்க்கைப் படிவத்தை மூன்று முறை எழுத வைத்தார்கள். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டதாம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் வீட்டுக்கு வந்து தாளிலிருந்த குடையைத் தூக்கினால், மங்கிய பச்சை. பாராசோல் என்றால் வெள்ளையாக விழும். இது குளோரோபில்லம் மாலிப்டைட்ஸ் என்ற நச்சுக்காளான். குளோரோபில்லம் என்றாலே கிரேக்கத்தில் பச்சை இலை என்று பொருள். ஆனால் முற்றினால்தான் செவுளில் பச்சை தட்டும். நான் பறித்தவை அப்போதுதான் விரிந்தவை.

தாளில் வெள்ளை விழுந்துவிட்டால் சாப்பிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆளையே கொல்லும் அமனிட்டா வகைகளுக்கும் வெள்ளைதான் விழும். அவற்றில் வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அப்புறம் கல்லீரலைப் பிடிக்கும். அதனால் தண்டை ஒடித்து எடுக்காமல் அடியோடு தோண்டிப் பாருங்கள். அடியில் பை மாதிரி ஓர் உறை இருந்தால் கிட்டவே போகாதீர்கள்.

‘நாங்கள் இதைத்தான் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுத வருபவர்களுக்கு: சிலரை இந்தக் குளோரோபில்லம் ஒன்றும் செய்வதில்லைதான், மறுக்கவில்லை. அன்று அதே சட்டியில் சாப்பிட்ட என் மச்சானுக்கு வயிற்றில் லேசான இரைச்சலோடு சரி. அந்தப் படிவத்தை மூன்று முறை எழுதியதே அவர்தான்.