பணம் போனது, ஆர்டர் வரவில்லை

கேள்வி: ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடாவை இணையத்தில் விற்கிறோம். சில மாலைகளில் கார்டு கட்டணம் தோல்வியடைகிறது; ஓரிருவர் கணக்கில் பணமும் பிடித்தமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஆற்காடு

பதில்: முதலில் தோல்விக் குறியீட்டைப் பாருங்கள். 91 என்றால் கார்டு வழங்கிய வங்கியின் சர்வர் பதிலளிக்கவில்லை; சற்றுப் பொறுத்து முயன்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். 51 என்றால் கணக்கில் இருப்பு போதவில்லை. உடனே மறுபடி முயல்வதில் பயனில்லை. பணம் பிடித்தமாகியும் உங்களுக்கு உறுதித் தகவல் வராதிருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் அத்தொகை வாடிக்கையாளருக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆகவே, பேமென்ட் கேட்வேயில் (இணையத்தில் கார்டு கட்டணத்தைப் பெற்றுத் தரும் சேவை) நிலையைச் சரிபார்க்குமுன் “மறுபடி கட்டுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடாமல், ஆர்டரை அரை மணி நேரம் நிலுவையில் வையுங்கள். பாகில் ஊறும் பேடா அதற்குள் கெட்டுவிடாது.