மங்கோலியரிடம் சரணடைந்த ஆர்மீனியப் பிரபுக்களான ஓர்பெலியன் குடும்பத்தைத் துரோகிகள் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. நீங்கள் ஏதோ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், "ஆர்மீனியப் பிரபுக்கள் 1236இல் மங்கோலியரிடம் சரணடைந்தனர்" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அந்த ஒரு வரியோடுதான் இருந்தேன்.

ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் ஆறு வருடம் மருத்துவம் படித்தேன். நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டிக்குத் தெற்கே வயோத்சோர் பக்கம் சொந்த ஊர். 'தாத்திக்' என்று கூப்பிடுவோம், அவர்கள் பாஷையில் பாட்டி. மூன்றாம் வருடம் ஜூன் மாதம் அவரும் அவருடைய மகனும் காரில் எங்களை நொரவாங்க் மடத்துக்குக் கூட்டிப்போனார்கள். செக்கச்சிவந்த மலைப்பாறைகளுக்கு நடுவே இருக்கிறது. உள்ளே ஒரு கல்லறைக் கல்லில், முகம் மட்டும் மனித முகம் போல ஒரு சிங்கம். 1300ஆம் ஆண்டைச் சேர்ந்த எலிக்கும் ஓர்பெலியனின் கல்லறை. "இவர்கள்தானே மங்கோலியரிடம் மண்டியிட்டவர்கள்?" என்று கேட்டுவிட்டேன். தாத்திக் முகமே மாறிவிட்டது. "இவர்கள் எங்கிருந்து தப்பி வந்தவர்கள் என்று தெரியுமா, ஜான்?" என்றார். 'ஜான்' என்றால் கண்ணே என்கிற மாதிரி. கோபத்திலும் அதை விடவில்லை.

அவர் அன்று சொன்னதையும் அப்புறம் நான் தேடிப் படித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். 12ஆம் நூற்றாண்டில் இந்தக் குடும்பம் ஜார்ஜிய மன்னரின் படையை நடத்தியது. 1177இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜை எதிர்த்து, அவருடைய அண்ணன் மகன் தெம்னாவின் பக்கம் நின்றார்கள். லோரி கோட்டையில் முற்றுகை, தோல்வி. தலைவர் இவானேயின் கண்களைக் குருடாக்கினார்கள், குடும்பத்தையே அழித்தார்கள். உதவிப் படை கேட்டு அசர்பைஜானை ஆண்ட முஸ்லிம் அதாபெக்கிடம் போயிருந்த தம்பி லிபாரித்தும் அவர் மகன்கள் இருவரும்தான் மிச்சம். அழித்தவர் கிறிஸ்தவ மன்னர், அடைக்கலம் தந்தவர் முஸ்லிம். இதில் யாருக்கு அவர்கள் விசுவாசமாக இருந்திருக்க வேண்டும், சொல்லுங்கள்.

லிபாரித்தின் பேரன் காலத்தில், ஜார்ஜிய மன்னர்களுக்குக் கீழிருந்த ஜக்காரியன் என்ற ஆர்மீனியப் பிரபுக்களின் படைகள் தெற்கு ஆர்மீனியாவின் சியூனிக் பகுதியைப் பிடித்தபோது, இவர்களுக்கு அங்கே நிலம் கிடைத்தது. வேர் பிடிப்பதற்குள் மங்கோலியர் வந்துவிட்டார்கள். கோட்டையைக் காத்து நின்ற எலிக்கும் (நொரவாங்க் கல்லறையில் இருப்பவர் இவரல்ல, அதே பெயரில் பின்னால் வந்தவர்) பேச்சுவார்த்தை நடத்திப் பணிந்தார். அவர் தம்பி ஸ்ம்பாத் 1250களில் மங்கோலியத் தலைநகர் காரகோரம் வரை போய்ப் பேரரசர் மோங்கே கானையே பார்த்தார். ஆர்மீனியம், ஜார்ஜியம், உய்குர், பாரசீகம், மங்கோலியம் என ஐந்து மொழி தெரிந்தவர். தன் நிலம் நேரடியாகக் கானின் கீழ் இருக்கும், நடுவில் வேறு யாரும் கைவைக்க முடியாது என்ற உரிமையையும், தேவாலயங்களுக்கு வரிவிலக்கையும் வாங்கிக்கொண்டு திரும்பினார். அந்தப் பாதுகாப்பில்தான் நொரவாங்க் வளர்ந்தது, கிளாத்சோர் பல்கலைக்கழகம் நடந்தது. அவருடைய தம்பி மகன் ஸ்தெபானோஸ் பேராயராகி, 1299இல் சியூனிக்கின் வரலாற்றை எழுதி முடித்தார்.

உடனே சிலர் வருவார்கள், மங்கோலியர் செய்த கொலைகளை நியாயப்படுத்துகிறாயா என்று. இல்லை. ஆனி நகரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்கும் தெரியும். எதிர்த்துச் செத்தவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஸ்தெபானோஸ் அந்த வீட்டுப் பிள்ளை, தன் பெரியப்பாவைப் புகழத்தான் செய்வார், அதையும் கணக்கில் வைத்துத்தான் படிக்கிறேன். ஆனால் மடமும் கல்வெட்டும் கண்ணெதிரே நிற்கின்றன.

'துரோகி', 'ஓடிப்போனவன்' என்ற சொற்கள் எனக்கு ஏன் இவ்வளவு சுடுகின்றன என்றும் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பித் தகுதித் தேர்வில் தேறி, ஒரு மருத்துவமனையில் சேர்ந்த முதல் வாரமே, மூத்த மருத்துவர் ஒருவர் நோயாளி முன்னாலேயே "இங்கே சீட் கிடைக்காமல் ஓடிப்போய்ப் படித்தவர்" என்று என்னை அறிமுகப்படுத்தினார். அப்பா வயலை அடகு வைத்த கதை அவருக்குத் தெரியாது. பனியில் ஆறு வருடம் எப்படிப் போனது என்றும் தெரியாது. இன்றைக்கும் அது ஆறவில்லை.

சரி, ஓர்பெலியன்களுக்கு வருகிறேன். கான்கள் போய் தைமூர் வந்தார், அப்புறம் காரா கொயுன்லு துருக்மேனியர். 1430களில் பெஷ்கென் ஓர்பெலியன் தன் மக்களைக் கூட்டிக்கொண்டு ஜார்ஜிய மன்னரிடம் போய்ச் சேர்ந்தார். மன்னர் கொடுத்த இடம் எது தெரியுமா? லோரி. இரண்டரை நூற்றாண்டுக்கு முன் இவானே தோற்ற அதே லோரி.

அன்று திரும்பும்போது தாத்திக் எங்களைச் செலிம் கணவாய்க்கு மேலே ஏற்றினார். கடல் மட்டத்திலிருந்து 2,400 மீட்டர். அங்கே செசார் ஓர்பெலியன் 1332இல் கட்டிய வணிகர் சத்திரம் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, கூரைத் துளை வழியாக மட்டும் வெளிச்சம். வாசலுக்கு மேலே வெளிப்பக்கம் பாரசீகக் கல்வெட்டு, உள்ளே ஆர்மீனியக் கல்வெட்டு. உள்ளே இருப்பதில் மங்கோலிய அரசர் அபு சயீத் கானின் ஆட்சிக்காலம் என்று முதலில் இருக்கிறது, அப்புறம் செசாரின் அம்மா, சகோதரர்கள், மனைவி, பிள்ளைகள் பெயர்கள். கடைசியில், இவ்வழியே போகிறவர்கள் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வேண்டுகோள். தாத்திக் விரலால் தடவித் தடவி ஒவ்வொரு பெயராக வாசித்தார். நானும் கூடவே சொன்னேன்.