கேள்வி-பதில்: தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது

அணையில் ‘1 லட்சம் கன அடி திறப்பு’ என்கிறார்களே, அது எவ்வளவு தண்ணீர்? (விழுப்புரம் வாசகர்)

‘விநாடிக்கு’ என்பதை விட்டுவிட்டீர்கள், அதுதான் முக்கியம். ஒரு கன அடி என்பது 28 லிட்டர். 2024 டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விட்டது விநாடிக்கு ஏறக்குறைய 1.7 லட்சம் கன அடி. 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் 400-ஐ விநாடிக்கு விநாடி ஆற்றில் கவிழ்த்தால் எப்படியோ, அப்படி. ஆற்றோரம் வீடு என்றால், அறிவிப்பு வந்ததும் கிளம்புங்கள்.

ரெட் அலர்ட் என்றார்கள், எங்கள் தெருவில் தூறல்தான் விழுந்தது. ஏன் பயமுறுத்துகிறார்கள்?

20 செ.மீ.க்கு மேல் பெய்ய வாய்ப்பு என்றுதான் அதற்குப் பொருள். அது மாவட்டத்துக்குச் சொன்னது, உங்கள் தெருவுக்கு அல்ல.

முழங்கால் அளவு தண்ணீர்தான் தரைப்பாலத்தில் ஓடுகிறது. பைக்கில் மெதுவாகப் போனால் கடந்துவிடலாமா? (இதே கேள்வி, நான்கு கடிதங்கள்)

கூடாது. போன வருடமும் இதையே எழுதினேன். முழங்கால் அளவு என்று எப்படித் தெரிந்தது, இறங்கி அளந்தீர்களா? மேலே தெரிவது டீ நிறத்தில் தண்ணீர். அதன் அடியில் நேற்றிருந்த தளம் இன்றும் இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது கரையில் நிற்கிற யாருக்கும் தெரியாது. அரை அடி வேகத் தண்ணீர் போதும், திடமான ஆளையே சாய்த்துவிடும். ஒரு அடியில் சின்னக் கார் மிதக்கும், இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகள் போய்விடும். நீரின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. ‘முன்னாடி பஸ் போச்சே’ என்பார்கள். பஸ்ஸின் எடை என்ன, உங்கள் பைக்கின் எடை என்ன?

இன்னொரு வயிற்றெரிச்சல். பாலத்தின் இரு முனையிலும் அளவுக்கல் நட்டு, ஒரு அடிக்குச் சிவப்புக் கோடு போட எவ்வளவு ஆகிவிடும்? வேலையில் இருந்தபோது மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். கோப்பு இன்னும் மேஜை மேஜையாக நடந்துகொண்டிருக்கும். கல் இல்லாத பாலத்தில் என் விதி ஒன்றுதான்: தண்ணீர் ஓடினால் நில்லுங்கள். சுற்றுவழி 20 கிலோமீட்டராக இருந்தாலும் சரி.

குற்றாலத்தில் மழையே இல்லை, குளிக்கலாம்தானே?

அருவிக்கு மேலே மலையில் பெய்கிறதா என்று கேளுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. தெளிந்த தண்ணீர் செந்நிறமானாலோ, இலையும் சுள்ளியும் வர ஆரம்பித்தாலோ, துண்டைத் தேடாமல் மேடேறுங்கள்.

மூன்று நாளாக மழை விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வெள்ளம் வருமா?

ஊர் பெயர் இல்லை, பக்கத்தில் ஏரியா ஓடையா என்றும் இல்லை. நான் ஜோசியன் அல்ல! பொதுவாகச் சொல்கிறேன். முதல் மழையை மண் குடிக்கும். மூன்றாம் நாள் மண்ணும் நிறைந்திருக்கும், குளமும் நிறைந்திருக்கும், அப்புறம் பெய்வதெல்லாம் ஓட்டம்தான். மேல் குளம் உடைந்தால் கீழ்க்குளம் தாங்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருடம் முழுக்கக் கிடைப்பதைவிட அதிகம். உங்கள் ஊர்க் குளம் மறுகால் பாய்கிறதா என்று பகலிலேயே விசாரியுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

சுரங்கப்பாதைத் தண்ணீரில் கார் நின்றுவிட்டால்?

தண்ணீர் ஓடினால் நில்லுங்கள் என்றேன், தேங்கினாலும் அதேதான். மீறி மாட்டிக்கொண்டால், கதவோடு மல்லுக்கட்டாமல், பவர் விண்டோ வேலை செய்யும்போதே கண்ணாடியை இறக்கி வெளியேறுங்கள். லேப்டாப் பை காரிலேயே கிடக்கட்டும்.