டீசல் ஃபோர் வீல் டிரைவ் வாங்கும் முன் கண்ணாடியில் இருக்கும் சீட்டைப் பாருங்கள்

தம்பி, “ஆக்லாந்துக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, பழைய டீசல் டொயோட்டா பிராடோ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், பங்க்கில் டீசல் பெட்ரோலைவிட மலிவாகத் தெரிகிறது, ஆனால் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருந்தால் அரசாங்கம் தனியாகப் பணம் பிடுங்கும் என்கிறார்களே, உண்மையா?” என்று கேட்டிருந்தீர்கள்.

நாலு சக்கரமும் இழுக்கிறது என்பதற்காக நியூசிலாந்தில் தனி வரி கிடையாது. வரி டீசலுக்குத்தான். இங்கே ஓடும் பெரிய ஃபோர் வீல் டிரைவ்களும் யூட்களும் (பின்னால் சரக்குத் தட்டு உள்ள பிக்அப் வண்டிகள்) பெரும்பாலும் டீசல் என்பதால் அந்த வரி இவற்றை வைத்திருப்பவர்கள் தலையில் விழுகிறது, அவ்வளவுதான்.

பெட்ரோல் போடும்போது லிட்டருக்குச் சுமார் 70 சென்ட், அதன் மேல் 15 சதவீதம் ஜிஎஸ்டி என்று சாலை வரி விலையிலேயே போய்விடும். டீசலில் அந்த வரி இல்லை. டிராக்டர், மீன்பிடிப் படகு, ஜெனரேட்டர் எல்லாம் டீசலில்தானே ஓடுகின்றன? சாலையில் ஏறாத இயந்திரங்களுக்கு எதற்குச் சாலை வரி? அதனால் 1978 முதலே டீசல் வண்டிகளுக்கு ஓடும் தூரத்தை வைத்து வசூலிக்கிறார்கள். அதுதான் ஆர்யூசி (Road User Charges), அதாவது சாலைப் பயன்பாட்டுக் கட்டணம். மூன்றரை டன்னுக்கு உட்பட்ட டீசல் வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். முன்பணமாகத்தான் கட்ட வேண்டும். வருடம் 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் 1,140 டாலர். பங்க்கில் மலிவாகத் தெரிந்த டீசலின் உண்மையான விலை இதையும் சேர்த்துத்தான். நம்மூரில் பதிவின்போது ஒரே தடவையாக லைஃப் டாக்ஸ் கட்டிப் பழகியவர்களுக்கு இது மனதில் ஏற நாளாகும்.

வண்டி பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறப்பதற்கு முன் முன்கண்ணாடியில் பயணி பக்கத்து ஓரத்தைப் பாருங்கள். சின்னதாக ஒரு காகிதச் சீட்டு இருக்கும். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எது வரை கட்டியிருக்கிறது என்று அதில் அச்சடித்திருப்பார்கள். வெயில் பட்டு மங்கியிருந்தாலும் குனிந்து படித்துவிட்டு, சாவியைப் போட்டு ஓடோமீட்டரைப் பாருங்கள். ஓடோமீட்டர் எண் சீட்டில் இருக்கும் கடைசி எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால் வண்டி பாக்கியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாக்கி பழைய ஓனரோடு போகாது, வண்டியோடு உங்களிடம் வரும். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று தனியார் ஒருவரிடம் பழைய மிட்சுபிஷி பஜேரோ பார்த்தார்கள். சீட்டில் 1,84,000 வரை, ஓடோமீட்டரில் 1,91,000க்கு மேல். ஐந்நூறு டாலருக்கு மேல் நின்றது. விற்றவர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. இவர்கள் எண்ணைக் காட்டிக் கேட்ட பிறகுதான் விலையில் கழித்தார். பார்க்காமல் வாங்கியிருந்தால் வண்டி ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் அடுத்த வாஃப் (WoF) சோதனையில் ஓடோமீட்டர் எண் பதிவாகும், அதை வைத்துப் பில் வீட்டுக்கே வந்திருக்கும்.

சரி, அப்படியானால் பெட்ரோல் ஃபோர் வீல் டிரைவே நல்லதா? அதுவும் இல்லை. பழைய வி6 (ஆறு சிலிண்டர்) வண்டி 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடித்தால், 1,000 கிலோமீட்டருக்கு நீங்கள் பங்க்கில் கட்டும் சாலை வரி மட்டும் ஏறக்குறைய 112 டாலர். டீசலின் 76ஐவிட அது அதிகம். 100 கிலோமீட்டருக்கு ஒன்பதரை லிட்டருக்குக் கீழே குடிக்கும் பெட்ரோல் வண்டியாக இருந்தால்தான் வரிக் கணக்கில் டீசலை ஜெயிக்கும். பெட்ரோலோடு மின்சார மோட்டாரும் சேர்ந்து ஐந்தரை லிட்டரில் ஓடும் டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்டுக்கு இந்த வரி 45 டாலருக்குள் முடிந்துவிடும்.

ரெஜோ எனப்படும் வருடாந்திர வண்டிப் பதிவுக் கட்டணமும் டீசலுக்குக் கொஞ்சம் கூட வரும். அரசின் விபத்துக் காப்பீட்டு அமைப்பான ஏசிசிக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கைப் பெட்ரோல்காரர்கள் பங்க்கிலேயே கட்டிவிடுகிறார்கள், டீசல்காரர்களிடம் அதை ரெஜோவில் சேர்த்து வாங்குகிறார்கள்.

உங்களைப் பயமுறுத்தியவர்கள் சொன்னது 'யூட் டாக்ஸ்' ஆக இருக்கும். அது முடிந்த கதை. 2021 ஜூலையில் மின்சார வண்டி வாங்குவோருக்கு மானியம் தொடங்கி, 2022 ஏப்ரல் 1 முதல் அதிகம் புகை கக்கும் வண்டிகளுக்குக் கட்டணம் போட்டார்கள். 2023 ஜூலைக்குப் பிறகு புது வண்டிக்கு அது 6,900 டாலர் வரை போனது. விவசாயிகள் 2021லேயே டிராக்டரையும் யூட்டையும் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஆட்சி மாறியதும் 2023 டிசம்பர் 31ஓடு அதை எடுத்துவிட்டார்கள். இருந்த காலத்திலும் இங்கே முதல்முறை பதிவாகும் வண்டிகளுக்கு மட்டும்தான், உங்கள் பிராடோ மாதிரி ஏற்கெனவே ஓடும் வண்டிகளுக்கு இல்லை. ஆக்லாந்துக்கு மட்டும் இருந்த கூடுதல் எரிபொருள் வரியும் 2024 ஜூன் முடிவில் போய்விட்டது.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. ஓடும் தூரத்துக்குக் காசு வாங்குவது நியாயம், அந்தப் பணத்தில்தான் ரோடு போடுகிறார்கள். ஆனால் இரண்டரை டன் லேண்ட் குரூசருக்கும் 76, குட்டி மின்சாரக் காருக்கும் 2024 ஏப்ரல் முதல் அதே 76 என்பது சரியில்லை. சின்ன வண்டியோடு காலம் தள்ளும் குடும்பங்கள் பெரிய வண்டிக்காரர்களுக்காகவும் சேர்த்துக் கட்டுகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. பெட்ரோல் வண்டிகளையும் கிலோமீட்டர் கணக்குக்குள் கொண்டுவருவோம் என்று அரசு அறிவித்திருக்கிறது. அப்படி வந்தால் ஹைப்ரிட்டுக்கு இப்போது இருக்கும் லாபம் குறையும். வாங்குவதற்கு முன் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், படகோ டிரெய்லரோ இழுக்கப் போகிறீர்களா, ஊர்ப்பக்கம் கப்பிச் சாலையில் அடிக்கடி போக வேண்டிய வேலையா, டீசல் ஃபோர் வீல் டிரைவ் வாங்குங்கள், வருடம் முழுக்க உழைக்கும். ஆக்லாந்துக்குள் ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வார இறுதியில் கோயில் என்றால் அது தேவையே இல்லை. இங்கே பனி விழுவதில்லை, மழைக்குச் சாதாரண கார் போதும்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், ஆர்யூசியை ஆயிரம் ஆயிரமாக வாங்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு டாலருக்கு மேல் நிர்வாகக் கட்டணம் எடுப்பார்கள். கையில் பணம் இருந்தால் ஐயாயிரம், பத்தாயிரம் என்று ஒரே தடவையாக வாங்கிச் சீட்டைக் கண்ணாடியில் மாட்டிவிடுங்கள். நடுவில் வண்டியை விற்றாலும் மிச்சக் கிலோமீட்டர் வண்டியோடுதான் போகும், அதற்கும் சேர்த்து விலை கேளுங்கள்.