எந்தப் புள்ளியைப் பிடிப்பது?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிறேன் சார். பலகை, இரண்டு தாங்கி, மேலே ஒரு ஆள் என்று கணக்கு வந்தாலே குழம்பிவிடுகிறேன். ஏதாவது ஒரு புள்ளியைப் பொறுத்துத் திருப்புவிசை (விசை × அந்தப் புள்ளியிலிருந்து தூரம்) எடு என்கிறார்கள். எந்தப் புள்ளி?
– மாணவி, குடியாத்தம்

பதில்: எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்மா. அசையாமல் கிடக்கும் பலகை எந்தப் புள்ளியைச் சுற்றியும் சுழலவில்லை, அதனால் எங்கிருந்து கணக்குப் போட்டாலும் மொத்தத் திருப்புவிசை பூஜ்யம்தான். ஆனால் கெட்டிக்காரத்தனம் எதில் இருக்கிறது என்றால், தெரியாத விசை எங்கே இருக்கிறதோ அங்கேயே புள்ளியை வைப்பதில். தூரம் பூஜ்யம், அந்த விசை கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும்.

4 மீட்டர் பலகை, 20 கிலோ, இரு முனையிலும் ஒவ்வொரு டிரம். 60 கிலோ பெயின்டர் இடது முனையிலிருந்து 1 மீட்டரில் நிற்கிறார். ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள். இடது முனையைப் புள்ளியாக எடுத்தால் ஆள் 600 × 1, பலகை 200 × 2, ஆக 1000 நியூட்டன் மீட்டர். இதைத் தாங்குவது 4 மீட்டரில் இருக்கும் வலது டிரம், அதனால் அதன் விசை 250 நியூட்டன். மொத்த எடை 800 இல்லையா, மிச்சம் 550 இடது டிரம்முக்கு. ஆள் பக்கத்தில் இருக்கும் டிரம்முக்குத்தான் சுமை அதிகம், சரியாக வருகிறதா?

இப்போது வலது டிரம்மை 1 மீட்டர் உள்ளே தள்ளு. பெயின்டர் வெளியே நீட்டிய பக்கம் எவ்வளவு தூரம் போகலாம்? இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள், பலகையின் எடையை இரண்டு டிரம்முக்கும் நடுவில் போட்டுவிடுவார்கள். அது பலகையின் நடுவில்தான் இருக்கும், அதாவது வலது டிரம்மிலிருந்து 1 மீட்டர் உள்ளே. பலகை கவிழப்போகும் கணத்தில் இடது டிரம் எதையும் தாங்காது, விசை பூஜ்யம். வலது டிரம்மைப் புள்ளியாகப் பிடி: 200 × 1 = 600 × தூரம். கிடைப்பது 33 சென்டிமீட்டர், ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்! காட்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பு நடந்தபோது மூலையை எட்டுகிறேன் என்று ஒரே ஒரு எட்டு அதிகம் வைத்தேன். சுண்ணாம்பு வாளியும் நானும் ஒன்றாகத்தான் இறங்கினோம்.

கேள்வி: தராசின் கை இரண்டும் சம நீளம் இல்லையென்றால் சரியான எடையைக் கண்டுபிடிக்கவே முடியாதா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: முடியும், வெறும் தட்டுகள் சமமாக நின்றால். பொருளை ஒரு தட்டில் வைத்து நிறுங்கள், அப்புறம் தட்டை மாற்றி வைத்து நிறுங்கள். ஒருமுறை 800 கிராம், மறுமுறை 1250 என்று வந்தால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்காதீர்கள், அது 1025 என்று தப்பாக வரும். பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், சரியாக 1000 கிராம். கடைக்காரர் இரண்டாவது முறை நிறுக்கச் சம்மதிப்பாரா என்பது இயற்பியலில் வராது.